பக்கத்து வீட்டு ஸ்பீக்கர்

ஜெகதீஸ்வரி அக்காவின் குரல் எப்படியிருக்கும் என்று எங்கள் கட்டடத்தில் பலருக்குத் தெரியாது. பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்ப் பகுதியான லா சப்பலில், மேம்பாலத்தில் மெட்ரோ ஓடுகிற பக்கம் பார்த்த பழைய கட்டடம் எங்களுடையது. நான் இரண்டாம் மாடி, அக்கா நான்காம் மாடி. படியில் கண்டால் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். விடிய முன்னமே அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போவார். வரும்போது கறிவேப்பிலைக் கட்டும் கையுமாக வருவார். அவருக்குக் கதைக்கத் தெரியாது என்றில்லை. அந்த வீட்டில் கதைக்கிற வேலை முழுவதையும் அவருடைய கணவர் கரிகாலன் அண்ணை குத்தகைக்கு எடுத்திருந்தார்.

கரிகாலன் அண்ணை ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையற்காரர். ஆனால் எங்கள் சனத்துக்கு அவரைத் தெரிந்தது மைக் பிடிக்கிறவராகத்தான். பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம் எதுவென்றாலும் மைக்கை எடுப்பார், எடுத்தால் வைக்கமாட்டார். பசியோடிருக்கும் சனம் சாப்பாட்டு மேசையைப் பார்த்துப் பெருமூச்சு விடும். அண்ணை அப்போதுதான் மாப்பிள்ளையின் பூட்டனாரிடம் வந்து சேர்ந்திருப்பார். நானே பலமுறை பல்லைக் கடித்திருக்கிறேன். அந்த மனிதரின் வாயிலிருந்து ஒரு சொல் வராதா என்று நான் ஏங்குவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

போன மாசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பின. பேச்சு மட்டும் திரும்பவில்லை. எல்லாம் விளங்கும், கண்ணால் பதில் சொல்வார், வாயைத் திறந்தால் காற்றுத்தான் வரும். சொற்களெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கின்றன, வெளியே வருகிற வழிதான் அடைபட்டிருக்கிறது என்று பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பிரெஞ்சுப் பெண் சொன்னார். நல்ல மனுசி. "நான் பிரெஞ்சில் பழக்குவது போதாது. வீட்டில் உங்கள் மொழியில் ஒவ்வொரு நாளும் பழக்குங்கள். அவர் சோர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோர்ந்துவிட்டால் வரக்கூடிய பேச்சும் வராமல் போய்விடும்" என்றார்.

மகள் தர்மிளா கலியாணமாகிப் புறநகரான வில்லியே லே பெல்லில் இருக்கிறாள். தான் படித்த காலத்துப் பழைய மடிக்கணினி ஒன்றில் தண்ணீர், சோறு, கதவு, செருப்பு என்று பெரிய பெரிய படங்களாகப் போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் தாயின் குரலைப் பதிந்தாள். ஜெகா அக்கா லேசில் சம்மதிக்கவில்லை.

"என்ரை குரல் உதுக்குச் சரிவராது பிள்ளை. நீயே சொல்லு."

"அப்பா இவ்வளவு காலமும் வீட்டிலை கேட்ட குரல் உங்கடைதானேம்மா."

"எங்கை கேட்டவர்? அவர்தானே கதைச்சவர்!"

கடைசியில் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, மகளைக்கூட வெளியே நிற்கவைத்துவிட்டுப் பதிந்து முடித்தார்.

இனிச் சிக்கல் அந்த மடிக்கணினிதான். மின்கம்பியைப் பிடுங்கினால் மயங்கி விழும். ஹெட்போன் செருகுகிற ஓட்டை எப்போதோ உடைந்துவிட்டது. அதனுடைய சொந்த ஸ்பீக்கரோ, அக்காவின் குரலைக் காதில் ரீங்கரிக்கும் நுளம்பின் குரலாக்கித் தந்தது. மெட்ரோ வந்தால் அதுவும் இல்லை. கரிகாலன் அண்ணை இரண்டு நாள் காதைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். மூன்றாம் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பலைக் கண்டுதான் அக்கா பயந்துபோனார். இவர் இப்படியே விட்டுவிடுவாரோ என்ற பயம்.

கம்பியில்லாத ஸ்பீக்கர் ஒன்று வாங்கினால் சத்தம் பெரிதாய்க் கேட்கும் என்று தர்மிளா சொன்னாள். அக்கா கீழே போன் கடையில் போய் வாங்கினார். எங்கள் ஆட்களின் பழக்கம் ஒன்று உண்டு. ஒரு வீட்டில் ஒரு சாமான் நன்றாக வேலை செய்தால் கட்டடம் முழுவதும் அதே கடையில் அதே சாமானை வாங்கும். வேறு வாங்கிப் பழுதாகிவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? போன மாரிகாலத்தில் அந்தக் கறுப்பு ஸ்பீக்கரின் முறை. ஒரு இறாத்தல் பாண் ரொட்டி அளவில் எல்லார் வீட்டிலும் ஒன்று கிடக்கிறது, என் வீட்டிலும் கிடக்கிறது.

சனிக்கிழமை பின்னேரம் அக்கா என் கதவைத் தட்டினார்.

"மிருணாளினி, நீர் ஒஃபிசிலை கொம்பியூட்டரோடைதானே வேலை? ஒருக்கா வந்து பாருமன்."

காப்புறுதி அலுவலகத்தில் எண்களைத் தட்டுகிறவளுக்கு ஸ்பீக்கர் பூட்டத் தெரிய வேண்டும் என்று சட்டமில்லை. ஆனாலும் அப்படிக் கேட்டால் தெரியாது என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? போனேன்.

மேலே போகிறபோதே யேசுரட்ணம் அண்ணையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அக்காவின் வீட்டுக்கும் அவருடைய வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். மனைவி காலமான பிறகு தனியாக இருக்கிறார். ஒரு காலத்தில் இந்த இரண்டு வீட்டுக் கதவும் பூட்டிக் கிடந்து நான் பார்த்ததில்லை. கறிச்சட்டி இங்கேயிருந்து அங்கே போகும், அங்கேயிருந்து மீனோடு திரும்பும். எல்லாம் தர்மிளாவின் கலியாணத்தோடு போயிற்று. கலியாணத்துக்கு வரச்சொல்லிக் கரிகாலன் அண்ணை தூரத்துப் பொபினிக்குப் போய்ச் சொன்னார், எபினேக்குப் போய்ச் சொன்னார். பக்கத்து வீடுதானே, எப்போதும் சொல்லலாம் என்று விட்டுவிட்டார். விட்டது விட்டதுதான். கடைசி நேரத்தில் ஞாபகம் வந்து, கலியாண அழைப்பிதழைப் போனில் படமாக அனுப்பினார்.

சாவீட்டுக்குச் சொல்லாமலே போவோம். நல்ல காரியத்துக்கு வீடு தேடி வந்து, வாங்கோ என்று வாயால் சொல்ல வேண்டும். அதுவும் வயதில் மூத்தவர், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர். யேசுரட்ணம் அண்ணை கலியாணத்துக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பேச்சை யார் எடுத்தாலும், "அந்தக் கதை எனக்கு வேண்டாம்" என்று எழும்பிவிடுவார். நாங்களும் எடுப்பதை விட்டுவிட்டோம்.

ஆனாலும் கரிகாலன் அண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், மனம் கேட்காமல், யேசுரட்ணம் அண்ணை அவரைப் படியில் வழிமறித்து "என்ன தம்பி, இப்ப சுகமோ?" என்று கேட்டிருக்கிறார். கரிகாலன் அண்ணை பார்த்துக்கொண்டே நின்றாராம், ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். யேசுரட்ணம் அண்ணை தன் வீட்டுக் கதவைச் சாத்திய சத்தம் என் வீடுவரை கேட்டது.

நான் போனபோது கரிகாலன் அண்ணை ஜன்னலோரக் கதிரையில், எங்களுக்கு முதுகு காட்டி இருந்தார். மடிக்கணினியில் புளூடூத்தே இல்லை. அதற்கென்று விற்கிற, விரல்நகம் அளவான குச்சி ஒன்றைக் கடையில் வாங்கிவந்து செருகினேன். கிழட்டு இயந்திரம் அதை ஏற்றுக்கொள்ள எடுத்த நேரத்தில் அக்கா தேத்தண்ணி போட்டு நான் குடித்தும் முடித்தேன். பிறகு பக்கத்தில் இருக்கிற ஸ்பீக்கரைத் தேடச் சொன்னேன். பெட்டியில் அச்சடித்திருந்த அதே பெயர் திரையில் வந்தது. அமத்தினேன். இணைக்கப்பட்டது என்று காட்டியது. பெருமை தாங்கவில்லை எனக்கு.

"முடிஞ்சுது அக்கா. இனிப் போடுங்கோ."

திரையில் தண்ணீர்க் கோப்பை வந்தது. சத்தம் வரவில்லை. மேசையில் இருந்த ஸ்பீக்கர் நீல விளக்கைச் சிமிட்டிக்கொண்டு பேசாமல் இருந்தது. சத்தத்தைக் கூட்டினேன். முழுவதும் கூட்டினேன். சோறு வந்தது, செருப்பு வந்தது. மெட்ரோ ஒன்று கடந்துபோனது.

"பிள்ளை, எங்கையோ என்ரை குரல் கேக்குது."

"உங்களுக்குப் பிரமை அக்கா."

கரிகாலன் அண்ணை அப்போது எங்கள் பக்கம் திரும்பினார். நெடுநாளைக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு குறும்பு. நல்ல கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினார். நான் எழும்பிப் போய், சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றி அவர் மடியில் வைத்தேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். மூன்று பேரில் விசயம் விளங்கியிருந்தது அவர் ஒருவருக்குத்தான், சொல்லத்தான் அவரால் முடியவில்லை.

அந்த நேரம் கதவு தட்டப்பட்டது. அக்கா திறந்தார்.

யேசுரட்ணம் அண்ணை நின்றார். சாரம், பெனியன், கையில் குழந்தையைத் தூக்கியது போல அதே மாதிரிக் கறுப்பு ஸ்பீக்கர். அது ஜெகா அக்காவின் குரலில், தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தது.

"கதவு. சொல்லுங்கோ பாப்பம், கதவு."

பிறகு, பதிலுக்காகக் காத்திருக்கிற அமைதி.

"தங்கச்சி," என்றார் யேசுரட்ணம் அண்ணை. "பாட்டுக் கேப்பமெண்டு இதைப் போட்டனான். குசினிக்குள்ளை உங்கடை குரல். பயந்துபோனன். நிப்பாட்டவும் மனம் வரேல்லை, என்ரை வீட்டிலை ஒரு பொம்பிளைக் குரல் கேட்டு எவ்வளவு காலம்." ஸ்பீக்கரைத் தூக்கிக் காட்டினார். "உது ஆருக்கு? சின்னப்பிள்ளை ஆரும் வந்து நிக்குதோ?"

"இவருக்கு அண்ணை," என்றார் அக்கா. "இவருக்குக் கதை வராது. மாசி தொடங்கி ஒரு சொல்லும் வரேல்லை."

யேசுரட்ணம் அண்ணை கரிகாலன் அண்ணையைப் பார்த்தார்.

"அப்ப அண்டைக்குப் படியிலை?"

"நீங்கள் கேட்டது விளங்கினது. மறுமொழி சொல்ல ஏலேல்லை. வீட்டுக்குள்ளை வந்து இருந்து அழுதவர்."

ஸ்பீக்கர் அவர் கையிலிருந்து அடுத்த படத்துக்குப் போயிற்று. நான் ஓடிப்போய் மடிக்கணினியில் பட்டனை அமத்தி நிறுத்தினேன். யேசுரட்ணம் அண்ணை வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை, காலைத் தூக்கி வைக்கவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை. கோபம் போய்விட்டாலும் மரியாதை ஒன்று இருக்கிறதல்லவா.

கரிகாலன் அண்ணை கதிரையின் கைப்பிடியைப் பிடித்து எழும்பினார். வாய் அசைந்தது. காற்று வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"வா..."

அவ்வளவில் நின்றுவிட்டது. பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் மிச்சத்தை நான் சொல்லிவிட வாயெடுத்தேன். ஜெகா அக்கா என் கையைப் பிடித்து நசுக்கினார். வாசலில் நின்றவரும் அவசரப்படவில்லை. பதிவில் அக்கா விட்டிருந்த இடைவெளியைப் போல, இன்னொரு மெட்ரோ வந்து போகும்வரை எல்லாரும் காத்திருந்தோம்.

"வா... ங்கோ."

உடைந்து, இரண்டு துண்டாக, ஆனால் தெளிவாக வந்தது. தர்மிளாவின் படங்களில் அந்தச் சொல் கிடையாது. அதற்கு எந்தப் படத்தைத்தான் போட்டிருக்க முடியும்? கலியாணத்துக்கு முன்னர் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று சொல்ல வேண்டிய அந்த ஒரு சொல், மனிதருக்குள் அடைபட்டிருந்த சொற்களில் முதலில் நின்றது அதுதான் போலிருக்கிறது.

"வந்திட்டன் தம்பி," என்று யேசுரட்ணம் அண்ணை உள்ளே வந்தார். வந்தவர் ஸ்பீக்கரை எங்கே வைப்பதென்று தெரியாமல் அதையும் சேர்த்துக் கரிகாலன் அண்ணையைக் கட்டிப்பிடித்தார். ஜெகா அக்கா தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தேத்தண்ணி வர வெகுநேரமானது. எனக்கும் கண் கலங்கியது, அதை மறைக்க நான் கலண்டரை மாட்டப் போனேன்.

இப்போது கரிகாலன் அண்ணை தண்ணி கேட்பார், கதவைச் சாத்தச் சொல்வார். ஒருநாள் "ஜெகா" என்று கூப்பிட்டாராம். அக்கா படியிறங்கி ஓடி வந்து என்னிடம் அதைச் சொன்னார், பிறகு ஒரு மணித்தியாலம் இருந்து வேறு கதையும் கதைத்தார். அவருடைய குரல் வடிவான குரல்.

பின்னேரப் பயிற்சி நாள் தவறாமல் நடக்கிறது. யேசுரட்ணம் அண்ணை தன் ஸ்பீக்கரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார். அவர் வந்துதான் ஆக வேண்டும். அந்தக் கிழட்டு மடிக்கணினி முதலில் பழகிய அவருடைய ஸ்பீக்கரைத்தான் பிடிக்கிறது, மேசையிலிருக்கும் புதிதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

"இதைத் திருத்த ஏலாதே பிள்ளை? பாவம், அண்ணை ஒவ்வொரு நாளும் காவிக்கொண்டு வாறார்," என்று அக்கா கேட்டார்.

பழையதை மறக்கச் சொல்லிவிட்டுப் புதியதை இணைக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.

"ஏலாது அக்கா," என்றேன். "பழைய கொம்பியூட்டர். ஒண்டும் செய்யேலாது."