பறவைக் காசு

பொது டெலிபோன்களின் காசுப் பெட்டியைத் திறந்து சில்லறையை அள்ளிக்கொண்டு வருவதுதான் என் சித்தப்பாவின் வேலை. நண்பர்கள் அவரை 'உண்டியல்' என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது. பெண் பார்க்கலாமா என்று அப்பா பேச்செடுத்தாலே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்கு எதிரே ஒரு டெலிபோன் இருந்தது. அதன் பெட்டியில் மட்டும் அவ்வப்போது ஒரு விசித்திரமான காசு கிடக்கும். கறுத்துப்போன செம்பு. ஒரு பக்கம் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கும் பறவை. மறுபக்கம் என்ன பாஷை என்றே தெரியாத எழுத்து.

"செல்லாக் காசை எதுக்குய்யா என்கிட்ட கொண்டு வர்றே? வீட்டுக்கு எடுத்துட்டுப் போ" என்று மேலதிகாரி தட்டிக்கழித்துவிட்டார். பழைய நாணயம் விற்கும் கடைக்காரரோ தடித்தடியான புத்தகங்களைப் புரட்டிவிட்டு, "இப்படி ஒரு காசு எந்த நாட்டுலயும் இல்லீங்களே! எனக்கே குடுத்துடுங்க" என்று கெஞ்சினார். சித்தப்பா கொடுக்கவில்லை. போடுவது யார் என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரி பெஞ்சில் போய் உட்கார ஆரம்பித்தார். ரிசீவரைப் பொத்திக்கொண்டு அழுகிறவர்கள், "பொண்ணு பொறந்திருக்கு!" என்று கத்துகிறவர்கள், எல்லோருடைய விரல்களையும் கண்கொட்டாமல் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கும் பெண்ணுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"நீங்க நோயாளியும் இல்ல, துணைக்கு வந்தவரும் இல்ல. இங்க என்ன பண்றீங்க?"

சித்தப்பா தடுமாறிப்போய்க் காசை நீட்டினார். அவள் சிரிக்கவில்லை. உள்ளே எடுத்துப்போய் அதற்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்து வந்தாள்.

"வெறும் வெள்ளை வட்டம்தான். உள்ள ஒண்ணும் இல்ல. சரி, பகல்ல நான் பாத்துக்கறேன்."

அப்புறம் இரண்டு பேருமாகக் காவல் காத்தார்கள். ஒருநாள், "அந்தப் பெரியவர்தான்!" என்று அவள் எழுந்து ஓட, சித்தப்பாவும் பின்னாலேயே ஓடினார். பஸ் நிறுத்தத்தில் மூச்சிரைக்க மடக்கிப் பிடித்தால், பெரியவர் கையில் இருந்தது மருந்துப் புட்டியின் மூடி. இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து ஓய்ந்ததும் அவள் கேட்டாள்:

"அந்த ஆள் கிடைச்சிட்டா, நீங்க வர்றதை நிறுத்திடுவீங்களா?"

"கிடைக்கவே வேணாம்னுதான் இப்பல்லாம் தோணுது."

அந்த வருஷமே அவள் எங்கள் சித்தி ஆனாள்.

காசு இன்னும் கொஞ்ச காலம் விழுந்தது. பிறகு நின்றுபோனது. போட்டவர் குணமாகிப் போனாரா, போய்ச் சேர்ந்துவிட்டாரா, தெரியாது. பின்னாளில் எல்லோர் கையிலும் போன் வந்துவிட, அந்த டெலிபோனைச் சித்தப்பாவே கழற்ற வேண்டியதாயிற்று. அதன் பின்னால் சுவர் மட்டும் பழைய பச்சை நிறத்தில் இருந்தது. சுற்றிலும் யார் யாரோ பென்சிலால் கிறுக்கிய எண்கள்.

காசுகளை இப்போது மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 'எங்கே, யார் அச்சிட்டது என்று தெரியவில்லை' என்று பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். போன மாதம் நானும் சித்தப்பா, சித்தியோடு பார்க்கப் போயிருந்தேன். சித்தி வெகுநேரம் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"போலாமா? எனக்குப் பசிக்குது" என்றார் சித்தப்பா.

திரும்பும்போது பஸ்ஸில் சன்னலோர இடத்துக்கு இருவரும் சண்டை போட்டார்கள். சித்திதான் ஜெயித்தாள்.