கையளவு டார்ச்சும் ஒரு பொட்டலம் உப்பும்

மரக்காணம் உப்பளத்தில் நானும் என் மனைவியும் கூலி வேலை செய்கிறோம். வெயில் ஏறுமுன் உப்பு வார வேண்டும் என்பதால் விடியாத இருட்டிலேயே வரப்பு மேல் நடந்து போவோம். பழைய டார்ச் கெட்டுவிட்டதால், சட்டைப்பையில் அடங்கும் சின்ன டார்ச் ஒன்று வாங்கப் போனேன்.

கடைக்காரர் அதைக் கூரையில் அடித்துக் காட்டினார். "விரல் சைஸுதாண்ணே, அடிச்சா பகல் மாதிரி இருக்கும்" என்றார். வேறு ஒன்றைக் காட்டச் சொல்லக் கூச்சப்பட்டு அதையே வாங்கி வந்தேன்.

மறுநாள் அவள் கூடையோடு முன்னால் போக, நான் பின்னாலிருந்து வெளிச்சம் காட்டினேன். "இன்னாங்க இது, கல்யாணத்துல வீடியோ எடுக்கிற லைட்டாட்டம்!" என்று சிரித்தாள். இரண்டு பக்கமும் உப்புக் குவியல். வெள்ளை வெளிச்சம் வெள்ளை உப்பில் பட்டு எங்கள் கண்ணிலேயே அடித்தது. "கண்ணு கூசுது, கீழ காட்டுங்க" என்றாள். நான் கையைத் தாழ்த்துவதற்குள், தண்ணீர் பாய வரப்பில் வெட்டியிருந்த மடையில் கால் வைத்து விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது.

கட்டுப் பிரித்தும் அந்தக் கையால் உப்பு வார முடியவில்லை. கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "உப்புல அடிக்கவா நான் குடுத்தேன்?" என்று சிரித்தார். மரக்காணத்தில் வேறு எதில் அடிப்பது என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

இப்போது டார்ச் வாங்குவதென்றால் ஒரு பொட்டலம் உப்போடுதான் கடைக்குப் போகிறேன். காகிதத்தில் கொட்டி, அதன் மேல் அடித்துப் பார்த்து வாங்குகிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அப்படி வாங்கிய மங்கலான மஞ்சள் வெளிச்சத்தில் வரப்பும் மடையும் நன்றாகத் தெரிகின்றன. ஆனால் அதில் பார்த்து முன்னால் நடக்க அவள்தான் இப்போது வேலைக்கு வருவதில்லை.