மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். அந்தப் பயத்தோடுதான் திருநெல்வேலியில் ஒரு பொறியியல் கல்லூரியில் தண்ணீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று அம்மா கேலி செய்வாள்.

ஆய்வகத்தில் நீளமான கண்ணாடித் தொட்டி ஒன்று உண்டு. அதன் அடியில் ஆற்று மணலை ஒட்டி, நடுவில் ஒரு செங்கல்லை வைத்து, விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் ஓடவிட்டேன். செங்கல்லை வைக்கும்போதே எங்கள் கல்லிடைக்குறிச்சி ஆற்றுக்குள் நிற்கும் கல்மண்டபம்தான் மனதில் இருந்தது. அப்பா தினமும் குளிப்பது அதன் பின்பக்கம். வருகிற ஓட்டத்தை மண்டபம் தாங்கிக்கொள்ளும், பின்னால் தண்ணீர் அசையாமல் கிடக்கும் என்பது ஊர் நம்பிக்கை.

தொட்டியிலும் முதலில் அப்படித்தான் இருந்தது. செங்கல்லுக்குப் பின்னால் போட்ட கார்க் அமைதியாக மிதந்தது. ஆழம் குறைவாக இருக்கும்வரை அடித்தரையின் உராய்வு சுழலை எழவிடாது. வால்வைக் கொஞ்சம் திறந்தேன். தண்ணீர் சற்று ஏறியதும் தரையின் பிடி தளர்ந்துவிட்டது. நான் விட்டிருந்த ஊதாச் சாயம் இடமும் வலமுமாக வீசி அடித்தது. கார்க்கும் கூடவே ஆடியது. பதறிப்போய் வால்வை மூடினேன்.

அன்று இரவு வீட்டில் சாப்பிடும்போது கார்க் ஆடியதை அப்பாவிடம் சொன்னேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், முழுதாகச் சொல்லவிடவில்லை. "ஏட்டி, நீ பொறக்கதுக்கு முந்தியே நான் அங்கனதான் குளிக்கேன். உன் தொட்டிக்கு ஆத்தைப் பத்தி என்ன தெரியும்?"

மறுநாள் விடிந்தபோது மலையில் நல்ல மழை என்றார்கள். அப்பாவைக் காணோம்.

"அப்பமே ஆத்துக்குப் போயிட்டாவளே" என்றாள் அம்மா. செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

தண்ணீர் கலங்கிப் படிகளில் ஏறியிருந்தது. அப்பா மண்டபத்துக்குப் பின்னால் தூணைப் பிடித்தபடி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "பயப்படாத. பைய வாரேன்" என்றார். வரவில்லை. ஆறு அவரை ஒருமுறை இந்தப் பக்கம் இழுத்தது, மறுமுறை அந்தப் பக்கம். தொட்டியில் நான் பார்த்த அதே வீச்சு.

"அண்ணாச்சி, எங்கப்பாவப் பிடிங்க!" என்று அலறினேன். படியில் துவைத்துக்கொண்டிருந்த இருவர் ஈர வேட்டிகளை முடிச்சுப் போட்டு வீசி, அவரை இழுத்துக் கரை சேர்த்தார்கள்.

அவர் கையைப் பிடித்தேன். விரல்கள் ஊறி வெளுத்துச் சுருங்கிக் கிடந்தன. யாரையும் கூப்பிடாமல் வெகுநேரம் நின்றிருக்கிறார். ஆத்திரத்தில் திட்ட வாயெடுத்தேன்.

"வர முடியலட்டி" என்றார் மெதுவாக. "கத்த வெக்கமா இருந்துச்சு."

வீட்டுக்கு நடக்கும்போது அவரே கேட்டார்: "அந்தக் கார்க்கு கடைசியில என்னாச்சு?"

"வால்வை மூடிட்டேன்ப்பா."

சரி என்று தலையசைத்தார். நான் மூடுவதற்குள் தண்ணீர் கார்க்கை அடித்துக்கொண்டு போய்விட்டது என்பதை மட்டும் அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.