பர்மா பாஷை கேட்ட குமாஸ்தா

பர்மாவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்த எங்களுக்குச் சர்க்கார் உதவித்தொகை கொடுத்த காலம் அது. திருச்சி ஆபீஸில் அதைக் கவனித்த குமாஸ்தா ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் பளிச்சென்று நாமம், விரலிடுக்கில் எந்நேரமும் மூக்குப்பொடி. பர்மாவில் இருந்ததற்கு அத்தாட்சி இல்லாமல் வந்தவர்களிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "பர்மா பாஷையிலே கொஞ்சம் பேசுங்கோ."

அவருக்கு அதில் ஒரு வார்த்தையும் தெரியாது. ஆனாலும் கச்சேரி கேட்பதுபோல் கண்ணை மூடி, மேஜையில் தாளம் போடுவார்.

எனக்கு முன்னால் நின்ற ரங்கூன் அம்மாள், காலையிலிருந்து காக்க வைத்த கோபத்தில், அவருடைய பொடியிலிருந்து பாட்டனார் வரை பர்மிய மொழியில் வெளுத்து வாங்கினாள்.

"பேஷ்!" என்றவர் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றா?"

"உங்களை வாழ்த்துறாங்க."

"வாழ்த்து இவ்வளவு சரளமா வராது. திட்டுதான் வரும். அதுக்குத்தானே காக்க வெச்சேன்!" என்று சிரித்து, அவளுக்குத் தொகையை அனுமதித்தார்.

இது சாமர்த்தியமா, சோம்பலுக்குச் சாக்கா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அடுத்தது என் முறை.

"அந்த பெஞ்சிலே உட்காருங்கோ" என்றார்.

சாயங்காலத்துக்குள் எனக்கும் பர்மிய மொழி சரளமாக வந்துவிட்டது.