அரண்மனை வாசலில் ஓலைத்தட்டு

பாலித் தீவின் பழைய அரண்மனை வாசலில், பார்வையாளர்களுக்கு இடுப்புத்துணி கட்டிவிடும் பெண் அவர். என் வயதுதான் இருக்கும். காதோரம் ஒரு செம்பருத்தி. கட்டிய முடிச்சை இருமுறை இழுத்துப் பார்ப்பார். என் பர்மா லுங்கியைக் கண்டதும், "கட்டிக்கிட்டே வந்துட்டீங்க, எனக்கு வேலை மிச்சம்" என்று அரைகுறை ஆங்கிலத்தில் சிரித்தார்.

படிக்குக் கீழே ஓலைத்தட்டில் பூவும் சோறும் இருந்தன. யாங்கோனில், தின்கன்ஜூன் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் சாமிக்குப் படைத்ததைத் தரையில் விடமாட்டோம். யாராவது மிதிப்பார்களே என்று எடுத்துத் திண்டின்மேல் வைத்தேன்.

"சிஸ்டர், சாமி பூவைக் கீழ வைக்காதீங்க" என்றேன்.

"சாமிக்கு மேல வச்சாச்சு. இது கீழ இருக்கிற பூதங்களுக்கு. அதுகளுக்கும் பசிக்கும்ல?"

கலைத்ததை மறுபடி படைக்கக் கூடாதாம். தன் பையிலிருந்த ஒரே தட்டை எடுத்துத் தரையில் வைத்து ஊதுபத்தி ஏற்றினார்.

"அது எதுக்கு வச்சிருந்தீங்க?"

"எங்க வீட்டு வாசலுக்கு. புள்ளைக்கு மூணு நாளா காய்ச்சல். பரவாயில்ல, வேற பின்னிக்கலாம்."

என் பட்டியலில் பார்க்க வேண்டிய மண்டபங்கள் இன்னும் ஏழு இருந்தன. மன்னிப்புக்கூடக் கேட்காமல் உள்ளே போய்விட்டேன். யாங்கோன் திரும்பி மாதங்களாகின்றன. அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்று எனக்குத் தெரியாது.