சம்பந்தியும் நானும் ஓர் இடியன் துவக்கும்

போன சனிக்கிழமை ஒரு துவக்கின் விசையை இழுத்தேன். வெடிக்கவில்லை.

பதற வேண்டாம். எதிரில் இருந்தது மட்டையில் கீறிய ஓர் எல்க். குதிரையை விட உயரமான இந்த நாட்டு மான். பக்கத்தில் நின்றவர் என் வருங்காலச் சம்பந்தி. வெடிக்காததற்கு முழுக் காரணமும் நான்தான்... சொல்கிறேன்.

என் மகள் அபிரா ஒரு நோர்வேஜியப் பையனைக் கட்டப் போகிறாள் என்பது இந்தப் பக்கத்தைத் தவறாமல் வாசிப்பவர்களுக்குத் தெரியும். பையனின் தாய் பெரிட். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறார். வருடா வருடம் காட்டுக்குப் போய் எல்க் சுடுகிறார். அதிகம் கதைக்க மாட்டார். எங்கள் வீட்டுச் சோபாவில் ஒரு பின்னேரம் முழுக்க இருந்தால் ஐந்து வசனம் வரும். அதில் இரண்டு மழையைப் பற்றியது.

அப்படிப்பட்டவர் கோடை தொடங்கும்போது திடீரென்று கேட்டார், "இந்த முறை என்னோடு வேட்டைக்கு வருகிறாயா?" நோர்வேஜிய மொழியில் எல்லோருக்கும் 'நீ'தான். நான் மட்டும் மனதுக்குள் 'நீங்கள்' போட்டுக்கொள்வேன்.

நான் என்ன சொன்னேன்? வேறென்ன... "மெத்தச் சந்தோசம்" என்றேன். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்கு மறுப்புச் சொன்ன சரித்திரம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். மகள் விடவில்லை.

"அம்மா, பெரிட் ஒருத்தரையும் யாக்டுக்குக் கூப்பிடுறேல்லை. உங்களைத்தான் கூப்பிட்டிருக்கிறா. மாட்டன் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

யாக்ட் என்றால் வேட்டை. என் மனுசனோ தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "பெம்பிளை வீட்டுக்காரர் எல்லோ நாங்கள். போட்டு வாருமன்" என்றார். சுடப்போவது அவரில்லையே!

ஆக, முதியோர் இல்லத்தில் வாரம் முழுக்கத் தூக்கி, கழுவி, மாத்திரை கொடுத்துக் களைத்தவள், கிடைக்கிற சனிக்கிழமைகளில் வேட்டை படிக்கத் தொடங்கினேன். பரீட்சைக்கு ஒரு தடித்த புத்தகம். எந்தப் பறவையை எந்த மாதம் சுடலாம், எதைச் சுடவே கூடாது... இந்த வயதில் எனக்கு இது தேவையா? முழங்கால் நோவுக்காக வைத்திருந்த விடுமுறையையும் வேட்டை வாரத்துக்கு மாற்றி எழுதிக் கொடுத்தேன்.

போன சனிக்கிழமைதான் முதல் சூட்டுப் பயிற்சி. பெரிட் நாங்கள் இருக்கும் ட்வெய்ட்டாவுக்கு வந்து என்னைக் காரில் ஏற்றினார். நகரத்துக்கு வெளியே, காட்டோரத்தில் சூட்டுத் திடல். போய்ச் சேர்ந்ததும் ஒரு நீளப் பெட்டியைத் திறந்தார்.

வன்னியில் இடியன் துவக்கு என்பார்களே, அதேதான். கொஞ்சம் மினுக்கி வைத்திருந்தார்கள். தோட்டா கிடையாது. குழாயின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்ட வேண்டும். பிறகு எண்ணெய் பூசிய துணித்துண்டு, அதன் மேல் ஈயக்குண்டு, நீளக் கோலால் அடிவரை இடித்து இறக்க வேண்டும். கடைசியில் பின்பக்கத்தில், பொறி தட்டுவதற்கு ஒரு குட்டிச் செம்பு மூடி. இவ்வளவும் ஒரே ஒரு சூட்டுக்கு.

"காட்டுக்கு நான் கொண்டுபோவது சாதாரண றைபிள். ஆனால் தொடங்குகிறவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும். ஒரு குண்டுதான் இருக்கிறது என்று தெரிந்தால் அவசரப்பட மாட்டாய்" என்றார் பெரிட். அவர் வாயிலிருந்து நான் கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான். பிறகு ஒரு விதியும் சொன்னார். "நிரப்பும்போது கதைக்கக் கூடாது."

கதைக்கக் கூடாதா? சம்பந்திக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பதா? எங்கள் ஆட்களிடம் சம்பந்தியோடு ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தால் அதற்குப் பெயர் கோபம். பத்து நிமிடம் என்றால் கல்யாணம் குழம்பப் போகிறது என்று அர்த்தம். என்னால் முடியவில்லை. மண்டபம், ஐயர், பூமாலை, கனடாவிலிருந்து வரும் மச்சாள் எங்கே தங்குவது — எல்லாம் கதைத்தேன். கை தன்பாட்டில் துணியையும் குண்டையும் வைத்து இடித்துக்கொண்டிருந்தது.

"மருந்து போட்டாயா?"

சத்தியமாக ஞாபகமில்லை. ஆனால் சம்பந்தியிடம் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"போட்டேன்."

குறி பார்த்தேன். இழுத்தேன். செம்பு மூடி மட்டும் பட்டென்றது. வேறொன்றும் இல்லை.

"அசையாதே," என்றார் பெரிட். "குழாய் மட்டையைப் பார்த்தபடியே இருக்கட்டும். சில வேளை பிந்தி வெடிக்கும். இரண்டு நிமிடம் பொறு."

இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியுமா? இரண்டு வரிசை தள்ளி யாரோ சுட்டார்கள். வெள்ளைப் புகை எங்கள் பக்கம் வந்தது. அந்த மணம்... எனக்கு அது புதிதில்லை. ஊரில் சண்டை நடந்தபோது பங்கர் குழிக்குள் தங்கச்சியின் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டு இருந்த நாளில் மூக்கில் ஏறிய மணம். துவக்கைக் கீழே வைக்கவும் முடியாது.

"பெரிட், எனக்கு இது வேண்டாம்." நானா சொன்னேன்? நான்தான். "நான் ஊரை விட்டு வந்ததே இந்தச் சத்தம் கேட்காமல் இருக்கத்தான். உங்களிடம் மாட்டேன் என்று சொல்லப் பயம். அபிராவின் கல்யாணத்தில் ஏதும் கரைச்சல் வந்துவிடும் என்று..."

அழுதுவிட்டேன். பெரிட் குழாய்க்குக் கீழே தன் கையைக் கொடுத்துப் பாரத்தை வாங்கிக்கொண்டு, இரண்டு நிமிடம் முடியும்வரை என் பக்கத்திலேயே நின்றார்.

பிறகு நுனியில் திருகாணி வைத்த கோலால் குண்டை வெளியே இழுத்தார். உள்ளே ஒரு துளி மருந்து இல்லை.

"நானும் ஒன்று சொல்ல வேண்டும்," என்றார். "நான் காட்டுக்குப் போவதே தனியாக இருக்கத்தான். தமிழ்க் குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் கூப்பிட வேண்டும், கூப்பிடாவிட்டால் மனம் நோவார்கள் என்று மகன் சொன்னான். கூப்பிட்டேன். நீ சந்தோசம் என்றுவிட்டாய். அன்றிலிருந்து எனக்குக் கவலை. ஒரு நாள் முழுக்க உன்னோடு மரத்தடியில் இருக்க வேண்டுமே! நீ கதைப்பாய். எல்க் வராது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். பக்கத்து வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் ஒன்று இருக்கிறது. சொல்லவா?"

"சொல்லுங்கள்."

"உன் மட்டன் ரோல்ஸ்."

பெரிட் எங்கள் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு முறையும் இரண்டு டசின் சுற்றி, பொரித்து, பெட்டியில் அடுக்கிக் கொடுத்து விடுவேன். வேலை முடிந்து வந்து, கால் கடுக்க நின்று.

"எங்களுக்கு உறைப்புத் தாங்க முடியவில்லை. எல்லாம் எங்கள் வேட்டை நாய்தான் சாப்பிடுகிறது."

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நான் அவருக்காகக் களைத்தேன், அவர் எனக்காகக் களைத்தார். இரண்டு பேரும் கேட்டிருந்தால் ஒரு நிமிடக் கதை. நம்முடைய களைப்பில் பாதி இப்படி யாரும் கேட்காமல் சுமந்ததுதானோ?

விடுமுறையை மீண்டும் முழங்காலுக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தச் சனிக்கிழமை வேட்டையும் இல்லை, ரோல்ஸும் இல்லை. காலை நீட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நாய்க்குத்தான் நட்டம்.