அப்பா கவிழ்த்த சீட்டு

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், சிவகாசிப் பக்கம் ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசுத் தொழிற்சாலைகளையெல்லாம் மொத்தமாகப் பூட்டிவிட்டார்கள். கோர்ட்டு என்றார்கள், புகை என்றார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், காலை ஏழு மணி வேனில் போய்விடுகிற அப்பா நாள் முழுக்க வீட்டில் இருந்தார் என்பதுதான். முதல் வாரம் கொண்டாட்டமாக இருந்தது. அதற்குப் பிறகு அவரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஒழுகாத குழாயைக் கழற்றித் திரும்ப மாட்டினார். கொடிக்கயிற்றை அவிழ்த்து எதிர்ச் சுவரில் கட்டினார். தெருமுனை வரை வேகமாக நடந்துபோய், யாரையும் பார்க்காமல் அதே வேகத்தில் திரும்பி வந்தார். உட்கார்ந்தால் வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும். வேன் சத்தம் கேட்டதும் சட்டையைத் தேடுவார். அது தீப்பெட்டி ஆபீஸ் வேனாக இருக்கும்.

அம்மா ஒரு பிரஸ்ஸில் சீட்டுக்கட்டு அடுக்கும் வேலை பார்த்தாள். வெளிநாட்டு ஆர்டர். முதுகுப் பக்கத்து அச்சு நகர்ந்துபோன கட்டுகளைக் கழித்துவிடுவார்களாம். அப்படி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள், நான் அடுக்கி விளையாடட்டும் என்று. பெட்டிக்குள் நாலாக மடித்த தாள் ஒன்று இருந்தது. போக்கர் ஆடுவது எப்படி என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. எங்கள் தெருவில் இங்கிலீஷ் மீடியம் படித்தவள் நான் ஒருத்திதான். அந்தக் கர்வத்தில் அப்பாவைப் பிடித்து உட்காரவைத்து, விரலை வைத்து வைத்து வாசித்தேன்.

ஆளுக்கு ஐந்து சீட்டு. வேண்டாததைப் போட்டுவிட்டு ஒரே ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம். ஒரே எண்ணில் இரண்டு வந்தால் ஜோடி. இரண்டு ஜோடி அதைவிடப் பெரிது, ஒரே எண்ணில் மூன்று அதையும்விடப் பெரிது. மூன்றும் ஒரு ஜோடியும் சேர்ந்து வந்தால் அதற்கு ஃபுல் ஹவுஸ் என்று பெயர். அதை வெல்வது லேசில்லை. “அப்படின்னா வீடு நெறைய ஆளுப்பா” என்று விளக்கினேன். “நம்ம வீட்டுல மூணு பேருதான தாயி, நமக்கு எங்க வரும்?” என்றார்.

ரம்மியும் கழுதையும் ஆடிப் பழகியவர், சீக்கிரம் பிடித்துக்கொண்டார். பந்தயத்துக்கு மருந்து முக்காத தீக்குச்சிகளைப் பக்கத்து வீட்டு மதினி கொடுத்தார். ‘ஃபோல்டு’ என்ற சொல்லில்தான் நான் தடுமாறினேன். மடிப்பது என்று டீச்சர் சொல்லித்தந்திருந்தார். சீட்டை மடித்தால் கெட்டுப்போகாதா? அப்பா கொஞ்சம் யோசித்தார். “சீட்டு சரியில்லன்னா கவுத்திப் போட்டுட்டு ஒதுங்கிக்கிடச் சொல்லுதான்” என்றார். கையில் ஒன்றுமே இல்லாமல் குச்சியை நிறையத் தள்ளி எதிராளியைப் பயமுறுத்தலாம் என்பது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பத்துப் பதினைந்து நாள் இதே வேலையாக இருந்தோம். அம்மா துணி மடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாளும் ஆடியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவின் கூட்டாளி ஒருவர் வந்தார். ஆபீஸில் அப்பாவோடு ஒரே ரூமில் வேலை பார்த்தவர். நான் மாமா என்று கூப்பிடுவேன்.

“காட்டுக்குள்ள தகரச் செட்டு போட்டிருக்காக மாப்ள. வெடிக்கு மருந்து அடைக்கிற வேல. நாளக் காலைல வேன் வருது, ஒரு ஆளு கொறையுது. வாரியா, வேற ஆளப் பாக்கவா?”

“லைசென்சு இருக்கா?” என்று அம்மா கேட்டாள்.

மாமா சிரித்தார். “லைசென்சு இருந்தா ஏன் தாயி காட்டுக்குள்ள போடுதாக?”

“அப்ப இவுக வரமாட்டாக. ஆபீஸ் தெறக்குற வரைக்கும் என் சம்பளத்துல கஞ்சி குடிச்சுக்கிடுதோம்.”

அப்பாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எழுந்து வாசலுக்குப் போனார், உள்ளே வந்தார், மறுபடி வாசலுக்குப் போனார். பிறகு வேடிக்கை போலச் சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தார்.

“சரி, சீட்டுல பாத்துக்கிடுவோம். நீ ஜெயிச்சா நான் போகல. நான் ஜெயிச்சா போறேன்.”

அம்மா திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். “போடுட்டி” என்றாள் என்னிடம்.

போட்டேன். அப்பா ஒரே ஒரு சீட்டை மாற்றினார். அம்மா மூன்றை மாற்றினாள். மாமா சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா நாலு குச்சியைத் தள்ளினார். அம்மா தன் முன்னால் இருந்த அத்தனை குச்சியையும் புறங்கையால் ஒரே தள்ளாகத் தள்ளினாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அப்பா சீட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஐந்தையும் கவிழ்த்துப் போட்டார்.

“எங்கிட்ட ஒண்ணுமில்லப்பா. நீயே ஜெயிச்சுட்ட. மாப்ள, வேற ஆளப் பாத்துக்கிடு.”

அவர் கால் ஆடுவது நின்றிருந்தது. அம்மா டீ போட எழுந்து போனாள்.

சீட்டைச் சேர்த்து அடுக்குவது என் வேலை. அப்பாவின் சீட்டைத் திருப்பினேன். மூன்று ராஜா, இரண்டு ஏழு. அம்மாவுடையதையும் திருப்பினேன். ஒரு ஜோடிகூட இல்லை.

“அப்பா! வீடு நெறைய ஆளுப்பா! நீங்கதான் ஜெயிச்சீக! அம்மாகிட்ட ஒண்ணுமே இல்ல!” என்று கத்தினேன். நம்பாமல் போய்விடுவார்களோ என்று தாளை எடுத்துவந்து அந்த வரியைக் காட்டினேன்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். “மூணு ராஜாவ வச்சுக்கிட்டா கவுத்துன? புள்ளைக்குத் தெரிஞ்ச ஞாயங்கூட ஒனக்குத் தெரியலையே. சரி சரி, ஆறு மணிக்கு ரெடியா இரு.”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். “ஆமா, நான் சரியாக் கவனிக்கல பாரேன்” என்றார். அடுப்பங்கரை வாசலில் அம்மா டீப் பாத்திரத்தோடு நின்றாள். அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் வேன் வந்தது. நான் கையாட்டினேன். அன்றைக்கு அம்மா எனக்குத் தலை பின்னிவிடவில்லை. தோற்ற கோபம் என்று நினைத்துக்கொண்டு ஒற்றைக் குதிரைவாலோடு பள்ளிக்கூடம் போனேன்.

வியாழக்கிழமை கணக்கு வகுப்பில் அந்தச் சத்தம் கேட்டது. சன்னல் கம்பிகள் அதிர்ந்தன. டீச்சர் சாக்பீஸைப் பலகையில் வைத்தபடியே நின்றுவிட்டார். எங்கள் பக்கத்தில் அப்படிச் சத்தம் கேட்டால் எல்லோரும் முதலில் வானத்தைத்தான் பார்ப்பார்கள், புகை எந்தத் திசையில் என்று.

செட்டு வெடித்தபோது அப்பா குடத்தில் தண்ணீர் எடுக்க வெளியே வந்திருந்தாராம். வெடி அவரைத் தூக்கி எறிந்த இடத்தில் முள்ளுக்காடு. சனிக்கிழமை அவரை அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தாள். புருவம் இரண்டும் இல்லை, உடம்பெல்லாம் கீறல், இடது காது கேட்கவில்லை. அந்தக் காது இன்றுவரை கேட்காது. மாமா இரண்டு கையும் வெந்து இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்துக்கொண்டார். உள்ளே இருந்த இன்னும் இரண்டு பேர் பிழைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா வெளியே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு வாரமாக மனசில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அவர் காதில் விழவில்லை. மறுபக்கம் போய் உட்கார்ந்து மறுபடியும் கேட்டேன்.

“அம்புட்டுப் பெரிய சீட்ட வச்சுக்கிட்டு ஏம்ப்பா கவுத்துனீக?”

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பயந்துட்டேன் தாயி” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அம்மாகிட்ட ஒண்ணுமே இல்ல, அதுக்குப் போயா பயந்தீக?” என்று கேட்டு, அவர் முதுகில் தட்டிக்கொடுத்தேன். அடுத்த தடவை பயப்படாமல் ஆடுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று தைரியமும் சொன்னேன்.